புகைச் சோதனையில் தோற்ற பழைய கார்: கன்வர்ட்டரில் கை வைக்கும் முன்

கேள்வி இதுதான்: இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, கேட்டலிடிக் கன்வர்ட்டரும் உண்டு. புகைச் சோதனையில் தேறவில்லை. ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 1.8%, ஹைட்ரோகார்பன் 310 பிபிஎம் (பத்து லட்சத்தில் 310 பங்கு), கார்பன் டை ஆக்சைடு 13.6%, ஆக்சிஜன் 0.3%, லாம்டா 0.95 என்று சீட்டு வந்திருக்கிறது. ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியவில்லை. கன்வர்ட்டர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் மருந்து ஒரு பாட்டில் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கையில் இருக்கும் சீட்டிலேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் 'தேறவில்லை' என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த ஐந்து எண்களையும் சேர்த்துப் படித்தால் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

லாம்டாவிலிருந்து தொடங்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவு சரியாக இருந்தால் லாம்டா 1. உங்கள் வண்டியில் 0.95, அதாவது வேண்டிய காற்றில் ஐந்து சதவீதம் குறைகிறது. மெக்கானிக்குகள் 'ரிச்சாக ஓடுது' என்பது இதைத்தான். காற்று போதாதபோது கார்பன் பாதி எரிந்த நிலையிலேயே மோனாக்சைடாக வெளியே வந்துவிடும். உங்கள் 1.8% அப்படி வந்ததுதான்.

கன்வர்ட்டருக்குள் நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. மோனாக்சைடை டை ஆக்சைடாக மாற்ற அதற்கு ஆக்சிஜன் வேண்டும். 1.8% மோனாக்சைடுக்குக் குறைந்தது 0.9% ஆக்சிஜன். உங்கள் புகையில் அவ்வளவு இல்லை. இந்த நிலையில் புத்தம் புதிய கன்வர்ட்டரைப் பொருத்தினாலும் சோதனையில் தேறாது. போதாக்குறைக்கு, ரிச்சாக ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதிக சூட்டில் அந்தப் பீங்கானையே உருக்கிவிடலாம். காரணத்தைச் சரி செய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரம் வீணாகும்.

அதற்காக உங்கள் கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நல்ல கன்வர்ட்டர் முழுச் சூட்டில் இருந்திருந்தால் மிஞ்சிய அந்த 0.3% ஆக்சிஜனையும் பெரும்பாலும் தின்று தீர்த்திருக்கும். ஒன்று, சோதனை நேரத்தில் அது ஆறிக் கிடந்திருக்க வேண்டும். அல்லது வயதாகிக் களைத்திருக்க வேண்டும். அல்லது சைலன்சர் குழாயில் எங்கோ ஓட்டை இருந்து வெளிக்காற்று கலந்திருக்க வேண்டும். லாம்டா 1-க்கு வரும் வரை இதில் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை, பெட்ரோல் ஏன் அதிகம் போகிறது என்று கண்டுபிடிப்பது. பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இதற்குக் காரணமாவது பெரும்பாலும் ஒரு சின்னப் பாகமாகத்தான் இருக்கும்.

நான் முதலில் சந்தேகப்படுவது இன்ஜின் சூட்டைத்தான். குளிர்ந்த இன்ஜினுக்கு, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் வண்டியின் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே அதிகப் பெட்ரோல் கொடுக்கும். இன்ஜின் சூடாகிவிட்டது என்ற செய்தி அதற்குப் போய்ச் சேரவில்லை என்றால், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் காலையில் ஸ்டார்ட் செய்ததைப் போலவே ஊற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வழிகளில் இது நடக்கலாம். ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் நிஜமாகவே சூடேறாது. இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம்: குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சரியான தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் மூடவே இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது வழி, இன்ஜின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் சென்சார் பொய் சொல்வது. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம், 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவில் காட்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இன்ஜின் கொதிக்கும்போதும் கிலோ ஓம் கணக்கில் காட்டினால் அதை மாற்றிவிட வேண்டியதுதான். டேஷ்போர்டு முள் சரியாக நிற்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பல வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார்.

அடுத்தது ஆக்சிஜன் சென்சார். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் அதிகமா குறைவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். எல்லோரும் இதைத்தான் முதலில் மாற்றுவார்கள், அளந்து பார்க்காமலேயே. பழைய வண்டிகளில் இருக்கும் சிர்கோனியா வகை சென்சார், சூடான பிறகு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். டிஜிட்டல் மல்ட்டிமீட்டரை அதன் சிக்னல் ஒயரில் வைத்து, இன்ஜினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தும் சோம்பலாக இருந்தால் சென்சாருக்கு வயதாகிவிட்டது. 0.9 பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால் அது 'பெட்ரோல் அதிகம், அதிகம்' என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அனேகமாக சென்சார் நல்லது, வேறு ஏதோ ஒன்று கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டை மீறிப் பெட்ரோலைத் தள்ளுகிறது. மாறாக, புகை மீட்டர் ரிச் என்று காட்டும்போது சென்சார் மட்டும் 0.1 பக்கம் படுத்திருந்தால், பொய் அங்கேதான். காற்று அதிகம் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் மேலும் மேலும் பெட்ரோல் சேர்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கடைசி நிலையில் சென்சாரை மாற்றும் முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் வெடிப்பு இருந்தால், சென்சாருக்கு முன்னாலேயே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் கண்ணுக்குத் தெரிவது அந்தக் காற்றுதான். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கிவிட்டால் அங்கே கசிவு இருக்கலாம். ஒரு பிளக் அவ்வப்போது எரியாமல் விட்டாலும் இதே கதைதான்: எரியாத ஆக்சிஜன் வெளியே வரும், சென்சார் ஏமாறும், பெட்ரோல் கூடும். பிளக் கோளாறு ரிச் கோளாறாக வேஷம் போடுவது இப்படித்தான்.

சென்சார் 0.9-ல் ஒட்டியிருக்கும் வண்டியில் தேட வேண்டிய இடங்கள் வேறு. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் சின்ன வேக்குவம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்து பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகிறது. பெட்ரோல் ஆவியைச் சேர்த்து வைக்கும் கரி டப்பாவின் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, அதிலிருந்து வரும் ஹோஸைச் சற்று நெருக்கிப் பிடித்தால் போதும். மோனாக்சைடு அளவு மளமளவென்று இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான். டேங்கை விளிம்பு வரை தளும்பத் தளும்ப நிரப்பும் பழக்கம் உள்ளவர்கள் வண்டியில் அந்தக் கரி பெட்ரோலில் ஊறிக் கிடக்கும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டி என்றால், அதற்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு சின்னக் கீறல் போதும். இன்ஜின் பெரிய லோடு இழுக்கிறது என்று தவறாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். மூடிய பிறகும் சொட்டும் இன்ஜெக்டர் இன்னொரு காரணம். ஓடி நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, கறுப்புப் புகையோடு எழுந்தால் அதைச் சந்தேகப்படலாம்.

பலர் நினைத்தே பார்க்காத இடம் இன்ஜின் ஆயில். பக்கத்துத் தெரு வரை மட்டுமே போய் வரும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாகாமல், பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கும். சோதனை நாளில் இன்ஜின் நன்றாகச் சூடாகும்போது அது ஆவியாகி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை எரிக்கத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வு வழியாக இன்டேக்குக்குள் வந்து சேரும். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தாலே சில சமயம் தெரிந்துவிடும். உறுதி செய்ய, பிசிவி குழாயைக் கழற்றி, இன்டேக் பக்கத்து வாயை அடைத்துவிட்டுப் புகையை அளந்து பாருங்கள். மோனாக்சைடு கணிசமாகக் குறைந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். சோதனைக்கு முன் எதுவும் பார்க்க நேரமில்லை, ஒரே ஒரு வேலை மட்டும் செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் ஆயில் மாற்றுவதைத்தான் சொல்வேன்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. அடைத்துப்போன ஃபில்டர் கார்புரேட்டர் வண்டியை ரிச் ஆக்கும், உண்மை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோல் விடப்படுகிறது என்பதால் பாதிப்பு குறைவு. மாற்றுங்கள், ஆனால் 1.8% அதனால் வந்தது என்று நம்பாதீர்கள்.

உங்கள் சீட்டு ரிச் வகை. வேறு மாதிரிச் சீட்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலேயே வெளியே வந்த பெட்ரோல். அது மட்டும் ஏறி, மோனாக்சைடு இயல்பாக இருந்து, ஆக்சிஜனும் கூடியிருந்தால் எங்கோ மிஸ்ஸிங் அடிக்கிறது. பிளக், பிளக் ஒயர், காயில், பழைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இந்த வரிசையில் பாருங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து ஓடவிட்டால், கசியும் பிளக் ஒயர்மேல் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனும் ஏறி, மோனாக்சைடு வழக்கத்தை விட இறங்கி, ஐடிலும் தள்ளாடினால் வேக்குவம் லீக், அதாவது இன்டேக் பக்கம் ஏதோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. பெட்ரோல் போதாமல் சில சுற்றுகள் பற்றாமலே போகின்றன. காய்ந்து வெடித்த ரப்பர் குழாய்கள், இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் எல்லாவற்றையும் பாருங்கள். பிளக்கும் ஒயரும் புதியவை, லீக்கும் இல்லை, ஆனாலும் ஹைட்ரோகார்பன் இறங்கவில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் மேலே ஒரு காசு செலவழிக்க வேண்டாம். கருகிய எக்ஸாஸ்ட் வால்வையோ, கிளியரன்ஸ் இல்லாமல் முழுதாக மூடாத வால்வையோ டியூனிங் செய்து மறைக்க முடியாது.

பிளக்குகளைக் கழற்றினால் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணிமேல் வைத்துப் பார்ப்பது நல்லது. நான்கும் கரி பூசியதுபோல் வறண்ட கறுப்பாக இருந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ரிச் கோளாறு. ஒன்று மட்டும் கறுத்து மற்றவை இளம் பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையோ அதன் பிளக் ஒயரையோ பாருங்கள். பிசுக்கென்று ஈரக் கறுப்பாக இருந்தால் ஆயில் ஏறுகிறது. வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்மானம்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு: காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகுவது கடைசி வேலை. சோக் முழுதாகத் திறக்கிறதா, மிதவை மட்டம் உயர்ந்திருக்கிறதா, இக்னிஷன் டைமிங் சரியா, ஏர் ஃபில்டர் சுத்தமா, இவற்றை முடித்துவிட்டு, சூடான இன்ஜினில், புகை மீட்டரைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில் இறுக்கினால் மோனாக்சைடு இறங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் இறுக்கினால் இன்ஜின் தடுமாறி ஹைட்ரோகார்பன் எகிறும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். எந்தப் பக்கம் திருகினாலும் எண் அசையவே இல்லை என்றால் உள்ளே ஜெட் தேய்ந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. திராட்டில் ஷாஃப்ட் ஓட்டை பெரிதாகிக் காற்று இழுக்கும் கார்புரேட்டரை எந்த ஸ்க்ரூவும் நிலைநிறுத்தாது.

நைட்ரஜன் ஆக்சைடும் அளக்கும் இடங்களில், அந்த எண் ஏறினால் சிலிண்டருக்குள் சூடு அதிகம் என்று பொருள். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்பச் சிலிண்டருக்குள் விடும் இஜிஆர் பாதை கரியால் அடைந்திருக்கிறதா, டைமிங் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறதா, ரேடியேட்டர் சரியாகக் குளிர்விக்கிறதா என்று பாருங்கள்.

டீசல் தனி உலகம். அங்கே அளப்பது புகையின் கருமையை. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து உச்ச ஆர்பிஎம் வரை ஏற்றுவார்கள். அதனால் ஏர் ஃபில்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஆயில் மட்டத்தையும் டைமிங் பெல்ட்டின் வயதையும் பார்த்துவிடுங்கள். மாற்ற வேண்டிய காலம் கடந்த பெல்ட் சோதனை மையத்தில் அறுந்தால் இன்ஜினே போய்விடும். நகரத்துக்குள் மட்டும் ஊர்ந்த டீசல் வண்டியை முந்தைய நாள் நெடுஞ்சாலையில் நன்றாக விரட்டி ஓட்டினால் குழாயில் படிந்த கரி கொஞ்சம் வெளியேறிவிடும். அளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைவது உண்டு.

1990-களின் பின்பாதிக்குப் பிறகு வந்த வண்டிகளில் பல இடங்களில் ஓபிடி சாக்கெட்டையும் (கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் இணைப்பு) சோதிப்பார்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது என்பதற்காக, சோதனைக்கு முதல் நாள் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீட்டை அழிப்பதோ பேட்டரியைக் கழற்றி மாட்டுவதோ வேலைக்கு ஆகாது. அழித்தவுடன் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' நிலைக்குப் போய்விடும், சோதனை மையத்தின் கருவி அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். பழுதைச் சரி செய்து, குறியீட்டை அழித்து, பிறகு சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டுங்கள்: இரவு முழுதும் ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்தது, சில நிமிட ஐடில், சீரான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டம், ஆக்சிலேட்டரை விட்டு இறங்கியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். டேங்கில் கால் அளவுக்கு மேல், முக்கால் அளவுக்குக் கீழ் பெட்ரோல் இருக்கட்டும். பெட்ரோல் ஆவிக்கான பரிசோதனை டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஓடாது.

நண்பர் சொன்ன பாட்டில் மருந்துக்கு வருகிறேன். பாலிஈதர் அமீன் கலந்த கிளீனர்கள் இன்ஜெக்டரிலும் எரியறையிலும் படிந்த அழுக்கைக் கரைக்கும், அதை மறுக்கவில்லை. ஒரு டேங்க் முழுதும் ஓட்டி முடித்த பிறகுதான் பலன் தெரியும். சோதனை மைய வாசலில் ஊற்றிப் பயனில்லை. கிழிந்த டயஃப்ரமையோ பொய் சொல்லும் சென்சாரையோ எந்த மருந்தும் ஒட்டவைக்காது. கன்வர்ட்டரின் உட்புறத்தை உடைத்துக் காலி செய்வது, சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் போட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது போன்ற யோசனைகளும் உங்கள் காதுக்கு வரும். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். புகைக்குழாயில் மூக்கு வைக்கும் மீட்டரை அது ஏமாற்றவும் செய்யாது.

மறுசோதனை நாளில் வண்டி சூடாக இருப்பதுதான் பெரிய விஷயம். கன்வர்ட்டர் 250 முதல் 300 டிகிரி வந்த பிறகே வேலையைத் தொடங்கும். கிளம்பி இருபது நிமிடமாவது, முடிந்தால் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் 3000 ஆர்பிஎம் பக்கம் சுற்றும்படி ஓட்டிப் போங்கள். வரிசையில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைக்காதீர்கள். வெறும் ஐடிலில் நெடுநேரம் நின்றால் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் ஆறிவிடும். உங்கள் முறை வருவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்துவிட்டு உள்ளே செல்லுங்கள். ஏசி, விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். வீட்டில் இதை ஒத்திகை பார்ப்பதானால் மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு புதிய சீட்டை வாங்கிப் பழையதோடு ஒப்பிடுங்கள். வரம்புகள் நாட்டுக்கு நாடு, வண்டியின் வயதுக்கு வயது மாறும். கன்வர்ட்டர் உள்ள பெட்ரோல் வண்டிக்கு ஐரோப்பிய விதிகள் நீண்ட காலமாகக் கேட்டது லாம்டா 0.97 முதல் 1.03 வரை, ஐடிலில் மோனாக்சைடு 0.5%, உயர் ஐடிலில் (நின்றபடி ஆர்பிஎம்மை ஏற்றிப் பிடிக்கும்போது) 0.3%. லாம்டா 1.00 பக்கம் வந்து, மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்குள் அடங்கிவிட்டால் உங்கள் கன்வர்ட்டர் இன்னும் வேலை செய்கிறது, மெக்கானிக்கிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

லாம்டா சரியாகி, இன்ஜினும் முழுச் சூட்டில் இருந்து, மோனாக்சைடு மட்டும் 0.6, 0.7 என்று அடம்பிடித்தால் அப்போது அவர் சொன்னது சரி. கன்வர்ட்டரைக் கழற்றிப் புதியது வாங்கும் முன், ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது. வாங்கும்போது உங்கள் இன்ஜினுக்கென்று சான்று பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் மலிவுச் சரக்கில் உலோகப் பூச்சு சிக்கனமாக இருக்கும். அடுத்த சோதனைக்குள்ளேயே களைத்துவிடக்கூடும்.